பதினோராண்டு படித்தும் ஏன் வரவில்லை? கெடா இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் பற்றிய விவாதங்கள்

ஆரம்பப்பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் 5 ஆண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து இடையில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் ஓராண்டு. அத்தனை ஆண்டும் கால அட்டவணையில் ஆங்கிலம் இருக்கிறது. ஆனாலும் இடைநிலைக் கல்வியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து வெளியே வரும் மாணவர்களில் பலர் நேர்முகத் தேர்வில் தம்மைப் பற்றி நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் திணறுகிறார்கள். இந்தக் குறை மலேசியாவில் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. பதில்களுக்கும் பஞ்சமில்லை. அரசு சொன்னது ஒன்று, பெற்றோர் சொன்னது ஒன்று, மொழி இயக்கங்கள் சொன்னது வேறொன்று.

சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் வட்டாரத்தில் இந்தக் கேள்வி கூடுதலாக உறைக்கிறது. இங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. தெற்கே கூலிமில் இன்டெல், இன்ஃபினியன் போன்ற நிறுவனங்கள் இயங்கும் உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இந்நகரின் தாமான்களில் வந்து தங்கின. தாத்தா பால்மரம் சீவினார். பேரனுக்கு வேலையிடத்தில் இயந்திரக் கையேடு ஆங்கிலத்தில் வருகிறது. இடையில் இருக்கும் இடைநிலைப்பள்ளிதான் இந்த இரண்டையும் இணைத்தாக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடலாம். நாட்டின் ஆங்கிலக் கொள்கையை முன்னும் பின்னும் திருப்பியவர்களில் கெடாக்காரர்கள் கணிசம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கல்வியமைச்சராக இருந்த கீர் ஜொஹாரி, 1974 முதல் அப்பொறுப்பை வகித்துப் பின்னர் பிரதமரான மகாதீர், 2015 முதல் 2018 வரை கல்வியமைச்சராக இருந்த மாட்சிர் காலிட் மூவரும் இம்மாநிலத்தவர்கள். முடிவெடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தும் தோட்டத்துப் பிள்ளையின் நிலை முடிவுகளில் தனியாகத் தெரியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1970க்கு முன்னும் பின்னும்

பெரியவர்கள் பலர் சொல்லும் முதல் விளக்கம் இது: ஆங்கிலவழிப் பள்ளிகள் இருந்தன, ஆங்கிலம் இருந்தது, அவற்றை மாற்றினார்கள், ஆங்கிலம் போயிற்று. வரலாற்றில் இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1951இல் பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் இரண்டையும் கொண்ட தேசியப் பள்ளிகளை முன்மொழிந்தது. தமிழ், சீனப் பள்ளிகளுக்கு அதில் இடமில்லை என்பதால் இரு சமூகங்களும் எதிர்த்தன. 1956இல் வந்த ரசாக் அறிக்கை ஆரம்ப நிலையில் தாய்மொழிப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டது. 1960இன் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், அரசு உதவி பெறும் இடைநிலைக் கல்வியை மலாய், ஆங்கிலம் என்ற இரண்டு வழிகளுக்குள் கொண்டுவந்தன. 1970இல் ஆங்கிலவழிப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய்க்கு மாறியது. அந்த மாற்றம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1976இல் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1ஐயும் 1980இல் படிவம் 5ஐயும் எட்டியது.

ஆனால் இந்த விளக்கம் யாருடைய நினைவிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளிகள் பெரும்பாலும் பட்டணத்தில் இருந்தன. 1964 வரை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைய ஒரு தேர்வு வேறு இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றது. வடிகட்டிய பிறகு எஞ்சிய சிலரின் ஆங்கிலத்தை, வடிகட்டாமல் வந்து சேர்ந்த எல்லாரின் ஆங்கிலத்தோடு ஒப்பிடுவது அளவுகோல் பிழை.

அதே வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம் உண்டு. 1960களில் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு ஓர் ஆங்கிலப் பயிற்சி ஆண்டு. 1976க்குப் பிறகு அதே வகுப்பு மலாய்ப் பயிற்சி ஆண்டாயிற்று. பெயர் அதுவே, வகுப்பறை அதுவே, நோக்கம் வேறு. ஆங்கிலத்திற்கென்று தனியாக ஒரு தயாரிப்பு ஆண்டு அதன்பின் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு வாய்க்கவில்லை. பயிற்றுமொழி பற்றிய சண்டையில் இந்த இழப்பு கணக்கில் வராமலே போனது.

பயிற்றுமொழியை மாற்றினால் போதுமா

இழந்ததை மீட்க எடுத்த பெரிய முயற்சி பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம். 2003இல் முதலாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப்பள்ளிகளும் இதில் சேர்ந்தன. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வந்தன. சிறப்புப் படியும் கிடைத்தது. ஆங்கிலப் பாட நேரம் எட்டாத அளவு ஆங்கிலத்தைப் பிற பாடங்கள் வழியாகப் புகட்டலாம் என்பது இதன் அடிப்படை வாதம். 2009 மார்ச்சில் மலாய் மொழிப் பற்றாளர்கள் கோலாலம்பூரில் பேரணி நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது.

எதிர்ப்பாளர்கள் காட்டிய எண்கள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. டிம்ஸ் பன்னாட்டு மதிப்பீட்டில் மலேசிய எட்டாம் வகுப்பு மாணவரின் கணிதச் சராசரி 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440 என்று இறங்கியது. 2015இல் 465க்கு ஏறியது. இந்த எண்கள் திட்டத்தின் தோல்வியைக் காட்டுகின்றனவா? ஓரளவு ஐயத்தை எழுப்புகின்றன, அவ்வளவே. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். மேலும் அவை அளந்தது கணிதத்தை. ஆங்கிலம் வளர்ந்ததா என்ற கேள்விக்காகத்தான் திட்டமே வந்தது. அந்தக் கேள்விக்கு இந்த எண்களில் விடை இல்லை. இரு தரப்பும் ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கணித மதிப்பெண்ணை வைத்துச் சண்டையிட்டது வியப்பு.

2016இல் இருமொழித் திட்டம், அதாவது டி.எல்.பி., அதே கருத்தை விருப்பத் தேர்வாகக் கொண்டுவந்தது. போதிய வளம், தலைமையாசிரியரின் திட்டம், பெற்றோரின் ஆதரவு, மலாய்த் தேர்ச்சி தேசியச் சராசரிக்குக் குறையாமை என்று நான்கு நிபந்தனைகள். தமிழ்ப்பள்ளிகளில் இதைத் தொடங்கியபோது மே 19 இயக்கம் போன்ற அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. தமிழ்ப்பள்ளியின் அடையாளமே பயிற்றுமொழிதான் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலம் இல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்பது எதிர்வாதம். இரண்டுமே பள்ளியின் எதிர்காலம் பற்றியவை. பிள்ளை படிவம் 1க்குப் போகும்போது எவ்வளவு ஆங்கிலத்தோடு போகிறது என்பதை இரு தரப்பும் அளந்து காட்டவில்லை.

ஆசிரியர் மேல் வைத்த பழி

2012இல் நாட்டின் ஆங்கில ஆசிரியர்கள் கேம்பிரிட்ஜ் தரநிர்ணயத் தேர்வு எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை என்று செய்தி வந்தது. 'ஆசிரியருக்கே வராதபோது பிள்ளைக்கு எப்படி வரும்' என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்த பயிற்சிகள், தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு வழிகாட்டிகள், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவி ஆசிரியர்கள் என்று பரிகாரங்கள் வந்தன. ஆசிரியருக்குக் குறைந்தது ஐரோப்பிய மொழி அளவுகோலின் சி1 நிலை வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

மொழியறிவு தேவைதான். அது இல்லாமல் எந்த முறையும் நிற்காது. ஆனால் மொழியறிவும் கற்பிக்கும் திறனும் ஒன்றல்ல. பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை புதிய கற்பித்தல் முறையைச் சோதித்த என். எஸ். பிரபு, பின்னாளில் 'மிகச் சிறந்த முறை' என்று ஒன்று கிடையாது, தான் செய்வது ஏன் பலிக்கும் என்ற ஆசிரியரின் சொந்த உணர்வுதான் முக்கியம் என்று வாதிட்டார். இந்த உணர்வு வளர நேரம் வேண்டும். இடைநிலைப்பள்ளி ஆசிரியருக்கு இல்லாதது அதுதான். 2012இல் படிவம் 1க்கு வந்த பள்ளிசார் மதிப்பீடு ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் இணையத்தில் பதியச் சொன்னது. நெரிசலால் கணினி அமைப்பு அடிக்கடி முடங்க, ஆசிரியர்கள் நள்ளிரவில் விழித்திருந்து பதிவேற்றிய கதைகளை நாளேடுகள் எழுதின. 2014இல் அந்த முறையை எளிமையாக்க வேண்டியதாயிற்று. இத்தகைய சுமையைக் கழிக்காமல் ஆசிரியரின் தேர்ச்சியை மட்டும் அளப்பது பாதிக் கணக்கு.

தேர்வும் பாடநூலும்

மூன்றாவது தரப்பு தேர்வைக் கைகாட்டுகிறது. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயில் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம். ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும். 2016 முதல் ஆங்கிலத்தையும் கட்டாயமாக்கும் திட்டம் இருந்தது. 2015இல் அது ஒத்திவைக்கப்பட்டது. அரசின் கல்வி மேம்பாட்டுப் பெருந்திட்டமே தந்த கணக்குப்படி, 2011 எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளை கேம்பிரிட்ஜ் 1119 தரத்தில் மதிப்பிட்டால் நன்னிலைத் தேர்ச்சி பெற்றவர்கள் 28 விழுக்காடுதான். கட்டாயமாக்கியிருந்தால் யார் சான்றிதழை இழந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. ஒத்திவைத்தது சரி என்றே படுகிறது.

தேர்வின் வடிவமும் மாறியது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட சி.இ.எஃப்.ஆர். அளவுகோலை மலேசியா 2015இன் வழிகாட்டித் திட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது. ஆரம்பப்பள்ளி முடிவில் ஏ2, இடைநிலை முடிவில் பி1 அல்லது பி2 என்பது இலக்கு. 2021 எஸ்.பி.எம். முதல் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். பேச்சுக்குத் தேர்வில் இவ்வளவு இடம் கொடுத்தது பழைய குறைக்கு நேரடியான பதில்.

ஆனால் வகுப்பறைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேச்சுத் தேர்வு இருவர் இருவராக நடக்கிறது. ஓர் இணைக்கு 13 நிமிடம். 40 பேர் உள்ள வகுப்பில் 20 இணைகள். எல்லாரையும் ஒரு முறை முழுமையாகப் பேச வைத்துக் கேட்க 260 நிமிடம் வேண்டும். பாடத்திட்டம் இடைநிலையில் ஆங்கிலத்துக்குத் தருவது ஆண்டுக்கு 112 மணி, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ மூன்றரை மணி, 210 நிமிடம். ஒரே ஒரு ஒத்திகைக்கு ஒரு வாரப் பாடமும் போதாது. அந்த நேரத்தில் மற்ற 38 பேரும் என்ன செய்வார்கள் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. அனுபவமுள்ள ஆசிரியர் முன்வரிசைக்குச் சுருக்கப் பயிற்சி எழுதக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டுக் கேட்கிறார். பேசத் தெரிந்தவரோடு தெரியாதவரை இணைத்தால் ஒருவரே பேசுகிறார். தெரியாத இருவரை இணைத்தால் மௌனம். தேர்வை மாற்றிய அளவுக்கு வகுப்பின் அளவும் நேரமும் மாறவில்லை.

பாடநூல் விவாதமும் இங்கே சேரும். 2018இல் படிவம் 1க்கு 'பல்ஸ் 2' என்ற வெளிநாட்டுப் பதிப்பக நூல் வந்தது. மேல் படிவங்களுக்கும் இவ்வகை நூல்களே வந்தன. விலை அதிகம், சூழல் அந்நியம் என்று குறை சொன்னார்கள். அளவுகோலுக்குச் சரியாகப் பொருந்தும் நூல்கள் என்று அமைச்சு விளக்கம் தந்தது. அந்நியச் சூழல் கேடு என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டுக் காணொளிகளை இதைவிட ஆர்வமாகப் பார்க்கிறார்கள். நூலின் மொழிநிலை வகுப்பின் நிலைக்கு மேலே நிற்கும்போது, பின்தங்கிய பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போவதுதான் உண்மையான சிக்கல்.

மூன்றாவது மொழி

தாய்மொழிக் கல்வி ஆதரவாளர்களின் பதில் வேறு. தாய்மொழியில் ஆழமாகக் கற்ற பிள்ளை இரண்டாம் மொழியையும் நன்றாகக் கற்கும் என்பது 1979இல் கனடிய அறிஞர் ஜிம் கம்மின்ஸ் முன்வைத்த கருதுகோளின் சாரம். 1953இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும் தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதை ஆதரித்தது. தமிழ்ப்பள்ளி மேடைகளில் இந்த இரண்டும் அடிக்கடி நினைவூட்டப்படுகின்றன. வாதம் வலுவானது. ஆனால் ஒரு மொழியில் பெற்ற திறன் இன்னொன்றுக்குத் தானாகப் பாய்ந்துவிடாது. இரண்டாம் மொழிக்கும் போதிய நேரமும் நல்ல கற்பித்தலும் வேண்டும் என்பது அதே கருதுகோளின் நிபந்தனை. மேடைகளில் இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறோம்.

நேரம் என்று வரும்போது கணக்கு கசக்கிறது. 2011இல் வந்த ஆரம்பப்பள்ளிப் பாடத்திட்டம் முதல் மூன்று ஆண்டுகளில் தேசியப் பள்ளிக்கு வாரம் 300 நிமிடம் ஆங்கிலம் தந்தது. தமிழ், சீனப் பள்ளிகளுக்கு 150 நிமிடம். ஆண்டுக்கு 32 வாரம் என்று வைத்தால் மூன்றாண்டில் 240 மணி நேர வித்தியாசம். இடைநிலையின் 112 மணிக் கணக்கில் சொன்னால், படிவம் 1க்குள் கால் வைக்கும்போதே தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இரண்டாண்டுக்கும் மேலான ஆங்கிலம் பின்னால் நிற்கிறது. இது யாருடைய சோம்பலும் அல்ல. தாய்மொழிக்கும் மலாய்க்கும் இடம் ஒதுக்கியதன் விலை. அந்த விலையை ஏற்கலாம். ஏற்றால், படிவம் 1இல் ஈடுகட்டும் ஏற்பாடும் வேண்டும். அப்படி ஒன்று முறையாக இல்லை.

படிவம் 1 வகுப்பை அருகிலிருந்து பார்த்தால் சிக்கலின் வடிவம் இன்னும் தெளிவாகும். தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மூன்றிலிருந்தும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் விளங்காத இடத்தை மலாயில் விளக்குகிறார்; எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதான். நிகழ்கால வினைச்சொல் ஒருமைப் படர்க்கையில் மாறும் விதி வருகிறது. மலாயில் வினை யாருக்காகவும் மாறாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டியா' என்ற ஒரே சொல். ஆகவே மலாய் வழி விளக்கத்தில் இந்த விதி காரணமில்லாத கட்டளையாக நிற்கிறது. 'போகிறேன், போகிறாள், போகிறார்கள்' என்று ஆறு வயதிலேயே பிசகாமல் சொல்லும் பிள்ளையிடம் அந்தக் கருத்து ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. ஆசிரியர் தமிழராக இருந்தாலும் மூவினமும் கலந்த வகுப்பில் தமிழில் விளக்க முடியாது. அது நியாயமாகவும் இராது. வாரத்தில் சில பாடவேளை நடக்கும் தாய்மொழி வகுப்பில் தமிழாசிரியர் இந்த ஒப்பீட்டைச் செய்யலாம். இரு ஆசிரியர்களும் கலந்து திட்டமிடும் வழக்கம் மட்டும் வேரூன்றவில்லை.

சுருங்கச் சொன்னால், நாட்டின் விவாதம் ஆங்கிலத்தை 'இரண்டாம் மொழி' என்றே எடுத்துக்கொள்கிறது. பாக்கார் ஆராங் தாமான் வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசும் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி; அதிலும் இரண்டாவதன் வழியாக வந்து சேரும் மொழி. மேலே கண்ட தரப்புகள் எதுவும் இதைத் தன் மையத்தில் வைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் முதன்மையான முறையீடு.

ஆங்கிலம் யாருடையது

இந்த எல்லா வாதங்களுக்கும் வெளியே நின்று, ஆங்கிலம் கற்பிப்பதே அதிகாரத்தின் வேலை என்று கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. 1992இல் ராபர்ட் பிலிப்சன் எழுதிய நூல் அதற்கு மொழி ஏகாதிபத்தியம் என்று பெயரிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வந்த தம் நூலில் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிறுக்கியவற்றையும் வரைந்த படங்களையும் அவர் ஆராய்ந்தார். சினிமாவும் போராட்டமும் காதலும் அந்த ஓரங்களில் இருந்தன. மாணவர்கள் ஆங்கிலத்தை அப்படியே விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. தமக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள் என்பது அவர் முடிவு. கெடாவின் படிவம் 1 மாணவர் தம் வெளிநாட்டுப் பாடநூலின் ஓரங்களில் என்ன எழுதுகிறார் என்று யாராவது புரட்டிப் பார்த்தால் பயன் இருக்கும்.

வீட்டுப் பொருளாதாரம் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. டியூஷனுக்குக் கட்டணம், வீட்டில் ஆங்கில நூல், பேச ஆள் ஆகியவை எங்கே இருக்கின்றனவோ அங்கே மதிப்பெண் இருக்கிறது. 2021இல் ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர்., 2022இல் படிவம் 3இன் பி.டி.3 ஆகிய பொதுத் தேர்வுகள் நீங்கிய பின், பிள்ளை எங்கே பின்தங்குகிறது என்பதை வசதியில்லாத பெற்றோர் பொதுத் தேர்வு வழியாக அறியும் வாயில் எஸ்.பி.எம். வரை இல்லாமல் போனது. தேர்வுகளை நீக்கியது தவறு என்று சொல்வதற்கில்லை. அவற்றின் இடத்தில் பெற்றோருக்குப் புரியும் அறிக்கை ஒன்று வேண்டும்.

இன்னும் விடை தெரியாதவை

ஒவ்வொரு தரப்பும் ஓரளவு சரி. பயிற்றுமொழி மாற்றம் ஆங்கிலத்தோடு பழகும் நேரத்தைக் குறைத்தது உண்மை. அதைத் திரும்ப மாற்றினால் ஆங்கிலம் வரும் என்பதற்குச் சான்று போதாது. ஆசிரியரின் தேர்ச்சி முக்கியம். எவ்வளவு தேர்ச்சிக்குப் பிறகு நேரமின்மையும் வகுப்பின் அளவும் பெரிய தடையாகின்றன என்பது தெளிவில்லை. தாய்மொழி அடித்தளம் உதவும் என்பது நம்பத்தகுந்தது. மூன்றாம் மொழிக்கு, அதுவும் வேறொரு மொழி வழியாகக் கற்கும்போது, அது எந்த அளவுக்கு உதவும் என்பது திறந்த கேள்வி. இருமொழித் திட்டத்தில் படித்த தமிழ்ப்பள்ளி மாணவரும் படிக்காதவரும் படிவம் 5இல் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் மேடைச் சண்டைகளில் பாதி அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய ஆணையம் தேவையில்லை. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. பக்கத்துச் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஒரே ஆண்டில் படிவம் 1க்குப் போகும் பிள்ளைகளை எஸ்.பி.எம். வரை தொடர்ந்து கவனித்து, ஆண்டுக்கொரு முறை அவர்கள் வாசிப்பதையும் பேசுவதையும் பதிவு செய்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கோரிக்கை இதுதான்.